பூட்டிய அலமாரியில் பதினோரு பெட்டிகள்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. துணை முதல்வர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. காகிதத்தை நர்ஸின் மேஜைமேல் வைத்தார். பேனாவின் மூடியையும் தானே கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டே வரிதான் சிஸ்டர். போட்டுடுங்க."

இரண்டே வரிதான். ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் உடல்நிலை வகுப்பில் உட்கார்ந்து படிப்பதற்கு ஏற்றதாக இல்லை என்றது முதல் வரி. இனி அவள் வீட்டிலிருந்தே பாடம் படிப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்றது இரண்டாவது வரி. அதற்குக் கீழே 'பள்ளி செவிலியர்', பெருக்கல் குறி.

அந்தப் பெண்ணுக்கு இருப்பது சர்க்கரை நோய், தினமும் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள், வகுப்பில் மூன்றாவதாக வருகிறாள், இதில் ஏற்றதாக இல்லாதது எது என்று நர்ஸ் கேட்டாள். மூன்றாவதாக வந்து என்ன பிரயோசனம், திங்கட்கிழமை மாடிப்படியில் உருண்டு பல்லை உடைத்துக்கொண்டாளே, நாளைக்கு மண்டை உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அவர் கேட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெண்ணின் அம்மா வருகிறாள். அதற்குள் காகிதம் முதல்வரின் கோப்பில் இருக்க வேண்டும்.

வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். அடுத்த மாதம் நர்ஸின் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கிற வேலையும் தன் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். அவள் மறந்துவிடுவாளோ என்ற கவலை, பாவம்.

பிள்ளைகள் நர்ஸுக்கு வைத்திருந்த பெயர் 'சாவிக்கொத்து'. இடுப்பில் பத்தொன்பது சாவிகள் தொங்கும். அவள் வராந்தாவின் அந்தக் கோடியில் திரும்பும்போதே இந்தக் கோடியில் சத்தம் கேட்டுவிடும். அந்தப் பெயர் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஆறு வருடத்துக்கு முன் அவள் வேலைக்கு வந்தபோது நோயறை என்பது கால் உடைந்த நாற்காலிகளின் புகலிடம். இன்றைக்கு அங்கே இரண்டு கட்டில், துவைத்த விரிப்பு, எடை பார்க்கிற கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் வரிசையாகப் பதினோரு பிளாஸ்டிக் பெட்டிகள். ஆஸ்துமாக்காரர்கள் ஆறு பேர், வலிப்பு வருகிற பையன் ஒருவன், வேர்க்கடலை பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும் இரட்டைச் சகோதரிகள், சிறுநீரகக் கோளாறுள்ள ஒரு சின்னப் பையன், சர்க்கரைக்காரி ஒருத்தி. ஒவ்வொரு பெட்டியிலும் பெயர், வகுப்பு, மருந்து, அளவு எல்லாம் அச்சடித்தாற்போல் எழுதி ஒட்டியிருப்பாள். எந்தப் பிள்ளையும் மருந்தைத் தன்னிடம் வைத்திருக்கக் கூடாது என்று துணை முதல்வர் விதி போட்டபோது, உச்சி குளிர்ந்து அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டியவளே அவள்தான்.

அந்தப் புதுப் பூட்டுதான் திங்கட்கிழமை அவள் காலையே வாரிவிட்டது.

அந்தப் பள்ளியில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வகுப்புக்கு ஒரு பலகை. கையகல மரப்பலகை, அதில் வகுப்பின் எண். கழிவறைக்கோ, தண்ணீர் குடிக்கவோ, நோயறைக்கோ, எங்கே போனாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பலகை வெளியே போயிருந்தால் அது திரும்பி வரும்வரை இன்னொருவர் வாசலைத் தாண்ட முடியாது. பலகை இல்லாமல் வராந்தாவில் பிடிபட்டால் காலைக் கூட்டத்தில் பெயர் வாசிக்கப்படும். இதைக் கண்டுபிடித்தவர் துணை முதல்வர். வராந்தாவில் ஈ காக்கை இல்லை என்று வேறு பள்ளிக்காரர்கள்கூட வந்து பார்த்து வியந்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட், மூன்றாவது மாடி, கணக்கு வகுப்பு. சர்க்கரைக்காரிக்கு வகுப்பில் 'கால்குலேட்டர்' என்று பெயர். எந்தப் பழத்தைக் காட்டினாலும் எந்த ரொட்டியைக் காட்டினாலும் அதில் எத்தனை கிராம் மாவுச்சத்து, அதற்கு எத்தனை அலகு ஊசி என்று மனக்கணக்காகவே சொல்வாள். அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வியர்த்தது. கையைத் தூக்கினாள். பலகை வெளியே போயிருந்தது. அதைக் கொண்டுபோனவன் கழிவறையில் வேலையை முடித்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கால்பந்துப் பயிற்சியை ரசித்துக்கொண்டு நின்றான். அவன் வரட்டும் என்றார் ஆசிரியர். அவளும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒன்பது நிமிடம். பலகை வந்ததும் வாங்கிக்கொண்டு, தனியாக, அறுபத்தாறு படிகளை இறங்கக் கிளம்பினாள். பாதிப் படிகூட முடியவில்லை. மோவாயில் நான்கு தையல், முன்பல் ஒன்று உடைந்தது.

ஆயாவின் குரல் கேட்டு நர்ஸ் ஓடினாள். பெண்ணின் கண் திறந்திருந்தது, பார்வை மட்டும் எங்கேயோ இருந்தது. குளுக்கோஸ் அலமாரியில். ஆயாவின் மடியில் அவளைக் கிடத்திவிட்டு மறுபடி கீழே ஓடினாள். பத்தொன்பது சாவியில் முதலில் ஒரு தப்புச் சாவி. அடுத்ததும் தப்பு. மூன்றாவதுதான் திறந்தது. மேலே வந்து பார்த்தபோது சர்க்கரைக் கருவி காட்டிய எண் நாற்பத்தொன்று, எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் விழுங்கக்கூட அவளுக்கு நினைவு இருந்திருக்காது. குளுக்கோஸ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கி, கால் மணி கழித்து அந்தப் பெண் 'பலகை எங்கே?' என்று கேட்டபோதுதான் நர்ஸுக்கு மூச்சே வந்தது.

புதன்கிழமை மாலை, காகிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு நர்ஸ் கணக்கு ஆசிரியரைத் தேடிப் போனாள். ஆசிரியர் அறையில் அவர் தனியாக உட்கார்ந்து ஒரே நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா சிஸ்டர். ரெண்டு தடவை கேட்டா. பலகை வரட்டும்மான்னு சொன்னேன். சுகர்னா சாப்பாட்டுல இனிப்பு கூடாது, அவ்வளவுதான்னு நெனச்சிட்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லலையே."

யார் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நர்ஸுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளைகளின் நோய் விவரம் ரகசியம் என்று அவள்தான் கோப்பில் வைத்துப் பூட்டியிருந்தாள். அந்தக் கோப்பின் சாவியும் அவள் இடுப்பில்தான்.

வீட்டில் நாத்தனார் இருந்தாள். தொலைபேசிக் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலை. நாள் முழுக்க யாரிடமாவது திட்டு வாங்கிவிட்டு வந்து, அதை அண்ணி தலையில் இறக்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நர்ஸ் நடந்ததைச் சொன்னாள். கணவர் வாயைத் திறக்காமல் கேட்டார். அவர் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். பேசவே காசு கேட்பார் என்று தங்கையே கேலி செய்கிற ஆள். கடைசியில், தன் குளத்தில் மிதவை வளையத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினால் அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

"பார்த்தீங்களா அண்ணி, வருஷத்துக்கு ஒரு தடவை வாயத் திறக்கிறாரு, அதுவும் குத்துறதுக்குத்தான்" என்றாள் நாத்தனார். "கையெழுத்துப் போடப் போறீங்களா, இல்லையா?"

"போட்டா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணும். போடலைன்னா நான் வீட்டுக்கு வரணும்."

"வாங்க. எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆளாச்சு."

வியாழன் காலை, மணி அடிப்பதற்கு முன்பே கால்குலேட்டர் அம்மாவுடன் நோயறை வாசலில் நின்றாள். வெள்ளிக்கிழமை வரை வர வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து தகவல் போயிருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார்கள். அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பணிக்குப் போகிற வழி, சீருடையில் இருந்தாள். பேருந்தைத் திருப்புகிற அதே நிதானத்தில் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வெளியே நிற்பதாகச் சொன்னாள்.

நர்ஸ் பெண்ணின் தையலைப் பார்த்தாள். அன்றைக்கு ஏன் எழுந்து ஓடி வரவில்லை, ஏன் கத்தவில்லை என்று கேட்டாள்.

"பலகை இல்லாம வந்தா பேர் வாசிப்பாங்க சிஸ்டர். ஏற்கெனவே விளையாட்டுக்கு வேண்டாம்கிற லிஸ்ட்ல என் பேரு, சுற்றுலாவுக்கு வேண்டாம்கிற லிஸ்ட்ல என் பேரு. இதுலயும் எதுக்குன்னு பார்த்தேன்." உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டாள். "வீட்லயே படிக்கணுமாமே? வீட்ல உக்காந்திருந்தா மட்டும் சுகர் இறங்காதா? அங்க அம்மாவும் இருக்க மாட்டாங்க. இங்கயாவது நாப்பது பேர் இருக்காங்க."

நர்ஸ் அலமாரியைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகு அலமாரியை மூடவில்லை. மிச்சம் பத்துப் பெட்டிகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இவளுக்கு நடந்தது நாளைக்கு மூச்சு முட்டுகிற ஒருவனுக்கு நடந்தால்? அவனுக்கு ஒன்பது நிமிடம் இருக்குமா?

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி மேஜைமேல் போட்டாள். மேல்நிலை வகுப்புக்காரர்கள் நாடகத்துக்குத் துணி கொண்டுபோகிற தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கினாள். பத்துப் பெட்டிகளையும் அதில் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே கூப்பிட்டுச் சம்மதம் கேட்டாள். ஆஸ்துமாக்காரர்கள் ஆறு பேரும் மருந்து உறிஞ்சுகிற ஊதுகுழாயை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருத்தன், இனிமேல் மூச்சு விடுவதற்கு அனுமதி கேட்க வேண்டாமா சிஸ்டர் என்று கேட்டுச் சிரித்தான். இரட்டையரின் ஊசி அவர்கள் ஆசிரியையின் மேஜைக்குப் போயிற்று. துணிக்கு மேலாகவே தொடையில் எப்படிக் குத்துவது என்று ஒரு பேனாவை வைத்து ஆசிரியைக்குச் செய்து காட்டினாள். சிறுநீரகக் கோளாறுள்ள சின்னவனின் மாத்திரையை அவன் ஆசிரியையிடம் கொடுத்தாள். வலிப்புக்காரப் பையன் மட்டும் வகுப்பில் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். சரி, ஆசிரியருக்கு மட்டும் சொன்னாள். மற்ற வகுப்புகளில் நடுவில் நின்று சொன்னது மூன்றே விஷயம். முடியவில்லை என்றால் பலகைக்குக் காத்திருக்காதே. முடியாதவரைத் தனியாக எங்கும் அனுப்பாதே. மருந்து இங்கேயே இருக்கிறது, ஒருத்தர் என்னைக் கூப்பிட ஓடி வாருங்கள், நான் மேலே வருகிறேன்.

இரண்டாவது மாடியில் துணை முதல்வர் எதிரே வந்தார். தள்ளுவண்டியைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரைக் கேட்டுப் பண்றீங்க?"

"பிள்ளைங்களைக் கேட்டேன் சார்."

"இது மீறல். நான் எழுதுவேன்."

"எழுதுங்க. நேரத்தையும் போட்டுடுங்க, பதினொன்னு இருபது. திங்கக்கிழமை இந்நேரம் அந்தப் பொண்ணு இந்தப் படியிலதான் கிடந்தா."

அவர் வழியை விடவில்லை. அவள் வண்டியைத் திருப்பவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் சுவரோரம் ஒதுங்கினார், வண்டியின் சக்கரம் அவருடைய பளபளப்பான காலணிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. முதல்வரின் அறையில் ஐந்து நாற்காலிகள். முதல்வர் அம்மாள் கெட்டவர் இல்லை. ஆயிரத்து இருநூறு பிள்ளைகளைக் கட்டி மேய்த்து, எதிலும் பிரச்சினை வராமல் இருந்தால் போதும் என்கிற இடத்துக்கு வந்துவிட்ட களைத்த மனுஷி. துணை முதல்வர் கோப்போடு இருந்தார். எதிரே சீருடையில் அம்மா, பக்கத்தில் பள்ளி உடுப்பில் பெண். வர வேண்டாம் என்று சொல்லியும் பை, தண்ணீர் பாட்டில் சகிதம் வந்திருந்தாள். ஓரத்தில் நர்ஸ்.

துணை முதல்வர் கோப்பிலிருந்த பிரதியை எடுத்து அந்த இரண்டு வரியையும் வாசித்தார். பள்ளிக்கு அவள்மேல் இருக்கிற அக்கறையைப் பற்றி நிறையச் சொன்னார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவர் முடித்ததும், "என் பஸ்ல ஒருத்தர் மயங்கி விழுந்தா, அடுத்த ஸ்டாப்ல இறக்கி விட்டுட்டு, இவர் பிரயாணத்துக்கு ஏத்தவர் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போக முடியுமா சார்? வண்டியை நிறுத்தணும். அதுதான் வேலை" என்றாள்.

நர்ஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறாளா என்று முதல்வர் கேட்டார்.

இல்லை என்றாள் நர்ஸ். தானே எழுதிய ஒன்றரைப் பக்கத்தை நீட்டினாள். முதல்வர் படித்தார். பலகை, ஒன்பது நிமிடம், அறுபத்தாறு படி எல்லாம் அதில் இருந்தன. ஆனால் முதல் பத்தி நர்ஸைப் பற்றியது. மருந்தைப் பூட்டியது நான், நோயைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்லாதது நான், தப்புச் சாவியைப் போட்டதும் நான் என்று இருந்தது. இதை நீங்களே எழுதினீர்களா என்று முதல்வர் இரண்டு முறை கேட்டார்.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வழி இருக்கிறது என்றார். பெண் பள்ளிக்கே வரட்டும். ஆனால் அவள் உடம்புக்கு என்ன ஆனாலும் முழுப் பொறுப்பு நர்ஸுடையது என்று ஒரு காகிதம். மூன்றாவது மாடியில் வகுப்புக்கு வெளியே நர்ஸுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிடலாம். ஒப்பந்தத்தையும் இன்றே புதுப்பித்துவிடலாம்.

அம்மாவின் தோள் அப்போதுதான் தளர்ந்தது. கும்பிடாத குறையாக நர்ஸைப் பார்த்தாள். துணை முதல்வருக்கும் திருப்திதான். பழி விழுவதற்கு ஒரு தலை கிடைத்துவிட்டது.

"மாட்டேன் மேடம்" என்றாள் நர்ஸ்.

 அம்மாவின் முகம் இறுகியது. "சிஸ்டர், இருக்கிறதையும் கெடுக்காதீங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"கேளுங்கம்மா. எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு, சாவி எங்கிட்ட மட்டும் இருந்துச்சு. அதனாலதான் இவ விழுந்தா. மறுபடியும் எல்லாத்தையும் என் ஒருத்தி தலையில கட்டினா, எனக்குக் காய்ச்சல் வந்து நான் வராத அன்னிக்கு இவ விழுவா. நான் கீழ ஒரு பையனுக்கு ஊதுகுழாய் பிடிச்சிட்டிருக்கும்போது இவ விழுவா." முதல்வர் பக்கம் திரும்பினாள். "எனக்கு நாற்காலி வேண்டாம் மேடம். முப்பத்தெட்டு டீச்சருங்க இருக்காங்க. ஒவ்வொருத்தரும் கத்துக்கிட்டு, கத்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போடட்டும். கடைசியில நானும் போடுறேன்."

நடக்கிற காரியமா என்று துணை முதல்வர் சிரித்தார். ஆசிரியர்களுக்கு இருக்கிற வேலையில் நர்ஸ் வேலையும் பார்க்க வேண்டுமா, அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். யோசிக்க வேண்டிய விஷயம் என்றார் முதல்வர். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகவும், அதுவரை பெண் வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொல்லிக் கோப்பை மூடினார்.

கோப்பு மூடிய சத்தத்தோடு கால்குலேட்டர் எழுந்தாள். மடியில் இருந்த சின்னக் கருவியை எடுத்து, விரல் நுனியைக் குத்தி, ஒரு துளியை வைத்தாள். துணை முதல்வர் பதறிப்போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டார். பெரிய மனிதருக்கு ரத்தம் ஆகாது.

"நூத்தி எட்டு. நல்லா இருக்கேன்." கருவியைப் பைக்குள் போட்டாள். "இன்னிக்கு எனக்கு மூணாவது பீரியட் கணக்குப் பரீட்சை மேடம். நான் எழுதாம விட்டா பூஜ்யம் போட்டுடுவாங்க. போறேன்."

"நில்லும்மா" என்றார் துணை முதல்வர் சுவரைப் பார்த்தபடியே.

அவள் நிற்கவில்லை. முதல்வர் வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா நாற்காலியை லேசாக நகர்த்திக் கதவுக்கும் மேஜைக்கும் நடுவில் போட்டுக்கொண்டு, ரொம்ப வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தன் வண்டி கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, அதுவரை எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாள். படியேறுகிற சத்தம் வெளியே கேட்டது. அறையிலிருந்த நான்கு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸின் மனம் அறுபத்தாறு படியையும் எண்ணியது. சத்தம் நிற்காமல் மேலே போயிற்று.

முதல்வர் மூடிய கோப்பை மறுபடி திறந்தார். பிறகு நர்ஸிடம், கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"பத்து நிமிஷம் மேடம்."

"மூன்றரைக்கு ஆசிரியர் அறையில் நடத்துங்க. கட்டாயம்னு நான் சுற்றறிக்கை விடமாட்டேன். வர்றவங்க வரட்டும்."

"அந்தப் பொண்ணு?"

"அவதான் பரீட்சை எழுதப் போயிட்டாளே" என்றார் முதல்வர். இரண்டு வரிக் காகிதத்தை எடுத்துத் துணை முதல்வரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மூன்றரைக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்து, குளுக்கோஸ் எத்தனை கரண்டி என்று குறித்துக்கொண்டார். கணக்கு ஆசிரியர் தன் விரலைத் தானே ஐந்து முறை குத்திப் பார்த்துக்கொண்டார். ஒரு முறை போதும் சார் என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேர் வரவில்லை. நேரம் இல்லை என்றார்கள் சிலர், தங்கள் வேலை பாடம் நடத்துவது என்றார்கள் சிலர்.

ஒப்பந்தக் கடிதம் அன்றைக்கும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. வேலை போனால் போகட்டும், ஆனால் ஒப்பந்தம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, பன்னிரண்டு பேருக்கு அது ஏராளம் என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, வராதவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, இடுப்பில் சத்தம் இல்லாமல் நடந்து, அவள் முதலில் தட்டியது துணை முதல்வரின் கதவை. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கருவியை மேஜைமேல் வைத்தாள்.

"பத்தே நிமிஷம் சார். விரலை நீட்டுங்க. வேணும்னா சுவரைப் பார்த்துக்கோங்க."